நாற்பது நாள் குளிர் கேட்ட விதை

போன வாரம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பார் வாளியோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க பத்திரிகையில பத்தி எழுதுறவுகதான?"

"ஆமாங்க."

"அந்த வெளியூர் விதை என்னாச்சு? பூத்துச்சா, இல்லையா?"

கரண்டி என் இலைக்கு மேல் அந்தரத்தில் நிற்கிறது. சோறு ஆறுகிறது. பக்கத்து இலைக்காரர் என்னை முறைக்கிறார். என்னால் அவருக்கும் சாம்பார் வரவில்லையே!

"பூத்திருச்சுங்க" என்றேன் அவசரமாக.

"அப்படிப் போடுங்க!" என்று இரண்டு கரண்டி தாராளமாக ஊற்றிவிட்டுப் போனார்.

பொய் இல்லை. பூத்துவிட்டது. ஆனால், எங்கே பூத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பசி நேரம் பாருங்கள்... உங்களிடம் அப்படி மறைக்க முடியாது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் குடியிருப்பது உத்தமபாளையத்தில். என் கையில் செடி தங்காது. மணி பிளான்ட் மூன்று வாரம். ரோஜா, நர்சரியிலிருந்து வந்த ஆட்டோ திரும்பிப் போகும் வரை. கற்றாழை அழுகிய வீடு எங்கள் வீடு. கற்றாழை ஐயா, கற்றாழை! அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் சும்மா இருந்தாலே பிழைக்கும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் பிரச்னை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் துயரத்தை இதே இடத்தில் எழுதினேன். உடனே பெங்களூரிலிருந்து ஒரு வாசகி கூரியரில் ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டார். உள்ளே முப்பது விதை. கூடவே ஒரு கடிதம்.

'மேடம், இந்தச் செடியை உங்களாலும் கொல்ல முடியாது. வெயில், வறட்சி எதற்கும் அசராது. ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் பூக்கும். பெயர் எக்கினேசியா.'

ஒரு போட்டோவும் இருந்தது. ரோஸ் நிறத்தில் இதழ்கள் பாவாடை மாதிரி கீழே சரிந்திருக்க, நடுவில் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி ஒரு ஆரஞ்சுக் குமிழ். பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ரிட்டயர்டு தமிழாசிரியர். பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எக்கி நேசி! எக்கி நின்று நேசி! அருமையான தமிழ்ப் பேரா இருக்கே."

"அது வெளிநாட்டுச் செடிங்க."

"இருக்கட்டும். பேர் நம்மளது."

கடிதத்தின் பின்பக்கத்தில்தான் வினை இருந்தது. விதையை நேரடியாக மண்ணில் போடக் கூடாதாம். ஈர மணலில் கலந்து, டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜில் நாற்பது நாள் வைக்க வேண்டுமாம். குளிர்நாட்டுச் செடியல்லவா? பனிக்காலம் வந்து போய்விட்டது என்று நம்பினால்தான் விதை கண் திறக்குமாம். குளிர் மட்டும் விட்டு விட்டு வரக் கூடாது என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

உத்தமபாளையத்தில் பனிக்காலமா? ஃபேனை ஐந்தாம் நம்பரிலிருந்து மூன்றாம் நம்பருக்குத் திருப்பினால் எங்களுக்கு அதுதான் பனிக்காலம். ஆனாலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்ற தைரியத்தில், 'பூக்க வைத்துக் காட்டுகிறேன்' என்று இந்தப் பக்கத்திலேயே சவால் விட்டேன். மறுபடியும் சும்மா இருக்கத் தெரியாத வியாதி!

அது எந்த வருஷம்? கரண்ட் கட் தமிழ்நாட்டையே ஆட்டி வைத்த வருஷம். காலையில் போகும். மதியம் போகும். 'வந்துவிட்டது' என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி போகும். எங்கள் ஃப்ரிட்ஜ் அப்போது ஃப்ரிட்ஜ் இல்லை, கதவு வைத்த பீரோ. பதினைந்து விதையை மணலில் கலந்து உள்ளே வைத்தேன். பத்தாம் நாள் திறந்து பார்த்தால் டப்பாவுக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. ஒரு விதைகூட மிஞ்சவில்லை. கொல்லவே முடியாத செடியை முளைக்கும் முன்பே கொன்றவள் நானாகத்தான் இருப்பேன்.

மிச்சம் பதினைந்து.

"மேகமலைக் குளிருல யாராச்சும் தெரிஞ்சவுக எஸ்டேட்டுல நாப்பது நாள் குடுத்து வை" என்றார் வீட்டுக்காரர். அந்த ரோட்டில் பஸ் போகிற குலுக்கலில் விதை பாதி வழியிலேயே மாவாகிவிடும்.

கரண்ட் போகாத ஃப்ரிட்ஜ் வேண்டும். எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியும். எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மைமூன் அக்கா வீட்டில். அவர்கள் வீட்டில் ஜெனரேட்டர் உண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த ஜெனரேட்டரைப் பற்றி அதற்கு ஐந்து மாதம் முன்னால் நான் எழுதியிருந்தேன். இதே பத்தியில்.

'எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடினால், ஆஸ்துமா வந்த டிராக்டர் ஒன்று நம் தலைமாட்டில் படுத்து மூச்சு வாங்குவது போலிருக்கும்' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ரொம்ப நாசூக்காக எழுதியதாக நினைப்பு. எங்கள் தெருவில் இருந்ததே ஒரே ஒரு ஜெனரேட்டர்தான் என்பது அச்சில் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஊரே சிரித்தது. தபால்காரர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை 'டிராக்டர் வீடு' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மைமூன் அக்கா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பதினெட்டு வருஷப் பழக்கம். சுவர் வழியாகக் கருவேப்பிலை போகும், புளிக்குழம்பு போகும், அவர்கள் பக்கமிருந்து ரம்ஜான் முழுக்க நோன்புக் கஞ்சி வரும். அந்த ரம்ஜானில் வரவில்லை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். வாசம் வரும். கஞ்சி வராது. எனக்குக் கஞ்சியைவிட அந்தச் சத்தம்தான் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'தமாஷைத் தமாஷா எடுத்துக்கத் தெரியலையே' என்று நானும் வீம்பாக இருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு சௌகரியம் பாருங்கள், அடித்துவிட்டு 'தமாஷ்' என்று சொல்லிக்கொள்ளலாம்!

இப்போது விதையோடு போய் அந்த வாசலில் நிற்க வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். கூச்சம் ஒரு பக்கம், வாசகர்களிடம் விட்ட சவால் ஒரு பக்கம். நாலாம் நாள் டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன்.

மைமூன் அக்கா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முறம் நிற்கவில்லை.

"வாங்க எழுத்தாளரம்மா."

போச்சு. பதினெட்டு வருஷமாக 'ராசி'யாக இருந்தவள் நான். ராஜேஸ்வரி என்ற பெயரைக்கூட அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. இப்போது எழுத்தாளரம்மா!

"அக்கா... ஒரு உதவி..."

"எங்க வீட்டுலயா? டிராக்டர் நிக்கிற வீடாச்சே, எப்படி வந்தீக?"

விஷயத்தைச் சொன்னேன். விதை, மணல், நாற்பது நாள், கரண்ட் கட். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. முறம் நின்றது.

"அப்ப எங்க ஜெனரேட்டரு வேணும்?"

"ஃப்ரிட்ஜ்தான்க்கா..."

"ஃப்ரிட்ஜ் எதுல ஓடுது?"

முந்தானைக்குள் இருந்த டப்பாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த ஜெனரேட்டரு எதுக்கு வாங்குனோம்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? டி.வி. பாக்கவா? ஏ.சி. போடவா? எங்க மாமிக்கு மூச்சு எளப்பு. மெஷினு வெச்சு மருந்துப் பொகை புடிக்கணும். கரண்டு போனா மெஷினு நின்னு போகும். போன மாசி மாசம் கரண்டு போயி, அவுக மூஞ்சி நீலம் பாரிச்சிருச்சு. அன்னிக்கே எங்க வீட்டுக்கார ராவுத்தரு போயி வாங்கிட்டு வந்தாக. நீ என்னடான்னா ஆஸ்துமா வந்த டிராக்டருன்னு எழுதுற! நோக்காட்டச் சொல்லிச் சிரிக்கிறதா எழுத்து?"

எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அவருடைய மாமியார் ஊரிலிருந்து வந்திருப்பது தெரியும், வயசானவர் என்பது தெரியும். மெஷின் விஷயம் தெரியாது. இத்தனைக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று எழுதத் தெரிந்தவளுக்கு, ஏன் அந்தச் சத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. "தப்புதான்க்கா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. ஐந்து மாதம் முன்னால் பக்கம் பக்கமாக வந்தது!

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். இருமல் பாதி, பேச்சு பாதி.

"யாரு மைமூனு, அந்த டிராக்டரு எழுதுன புள்ளையா?"

"ஆமா மாமி."

"உள்ள வரச் சொல்லு. நல்லாத்தான் எழுதியிருந்துச்சு. என் மகன் அத வாசிச்சுக் காமிச்சப்ப சிரிச்சுச் சிரிச்சு எனக்கு மூச்சே அடச்சுப் போச்சு. அன்னிக்கும் அந்த மெஷினத்தான் வெச்சாக."

மைமூன் அக்கா திரும்பி உள்ளே முறைத்தார். ஐந்து மாதமாக யாருக்காகச் சண்டை போட்டாரோ அவரே கட்சி மாறினால் பாவம் என்ன செய்வார்? முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"டப்பாவ இங்கன குடு" என்று பிடுங்கினார். "நாப்பது நாளுதான். நாப்பத்தோராம் நாளு குப்பைல போட்டுருவேன்."

"சரிக்கா."

"தெனமும் வந்து எட்டிப் பாக்கக் கூடாது."

"மாட்டேன்க்கா."

தினமும் போனேன். வேறு எதற்கு? விதையைப் பார்க்கத்தான். போனால் டீ வரும். மாமி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "என்னத்தா, உன் மண்ணு நல்லாருக்கா?" என்று விசாரிப்பார். அவருக்கு மருந்துப் புகை பிடிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் நானே ஜெனரேட்டரை ஆன் செய்யக் கற்றுக்கொண்டேன். கயிற்றை இழுத்த இழுப்பில் தோள்பட்டை இறங்கி ஒரு வாரம் தைலம் தேய்த்தேன். அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

இடையில் பக்ரீத் வந்தது. மைமூன் அக்கா வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கம்பத்திலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். ஃப்ரிட்ஜ் முழுக்கக் கறி. நான் சுவரோரம் நின்று தவித்துக்கொண்டிருந்தேன். என் டப்பா நிச்சயம் வெளியே வந்திருக்கும், குளிர் விட்டுப் போயிருக்கும் என்று. மத்தியானம் அக்காவே சுவருக்கு அந்தப் பக்கம் வந்தார். கையில் பிரியாணித் தூக்கு.

"பயப்படாத. உன் டப்பா உள்ளதான் இருக்கு. கறிக்கே எடமில்ல, கூல்டிரிங்ஸ் பாட்டில எல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டு உன் மண்ணுக்கு எடம் விட்டுருக்கேன். எங்க கொழுந்தன் கேக்குறாரு, மண்ணு எதுக்கு மதினி ஃப்ரிட்ஜ்லன்னு. நான் என்ன சொல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் கொஞ்சம் கிறுக்குன்னு சொன்னேன்."

நாற்பது நாள் முடிந்தது. தயிர் டப்பாக்களில் ஓட்டை போட்டு விதைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஏழு முளை! நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார். இரண்டை நத்தை தின்றது. மிச்சம் ஐந்து.

செய்தி போன மறுநிமிஷம் மைமூன் அக்கா ஆஜர்.

"எனக்கு ரெண்டு."

"உங்களுக்கா?"

"நாப்பது நாளு என் வீட்டுல வளந்த புள்ளைக. கேக்குறதுக்கு எனக்கு இல்லாத உரிமையா?"

கொடுத்தேன். இப்போது ஒரு வாக்குமூலம். ஐந்தில் நோஞ்சானாக இருந்த இரண்டைத்தான் கொடுத்தேன். ஒன்று கூன் விழுந்தது, இன்னொன்று மஞ்சள் காமாலை வந்த மாதிரி. கொழுகொழுவென்று இருந்த மூன்றை நான் வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். எதுவும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

அவர்கள் வீட்டு முற்றம் பூராவும் சிமென்ட். அதனால் அந்த இரண்டும் கம்பம் ரோட்டில் இருக்கும் அவர்களுடைய பெட்ரோல் பங்க்குக்குப் போயின. டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டடி மண். அதில் நட்டார்கள். நட்ட மாதமே ஒன்றின் மேல் செங்கல் லாரி ரிவர்ஸ் எடுத்தது. இன்னொன்றுக்கு டேங்கர் டிரைவர்கள் வாய் கொப்பளிக்கிற தண்ணீர்தான் பாசனம்.

என் மூன்றும் ராஜ வாழ்க்கை வாழ்ந்தன. மக்கிய சாணம், வேப்பம்புண்ணாக்கு, மதிய வெயிலுக்கு என் பழைய குடை. ஒரு வருஷம் ஓடியது. செடி சாகவில்லை. அதுவே எனக்குச் சரித்திர சாதனை! இலை இலையாகத் தள்ளியது. கரும்பச்சையில் தளதளவென்று. பூ மட்டும் இல்லை. ஒரு மொட்டுக்கூட இல்லை.

"கடைஞ்சு சாப்புட்டுறலாமா?" என்றார் வீட்டுக்காரர். "எக்கியும் பார்த்தாச்சு, நேசிச்சும் பார்த்தாச்சு."

வாசகர்களிடமிருந்து கடிதம் வந்தபடி இருந்தது. 'என்ன ஆச்சு? என்ன ஆச்சு?' நான் பெட்ரோல் விலையைப் பற்றி எழுதினேன், பல்வலியைப் பற்றி எழுதினேன், செடி பக்கமே போகவில்லை.

இந்த வருஷம் ஒரு நாள் காலை. மைமூன் அக்கா போனில்.

"ஏத்தா ராசி, ஒடனே பங்க்குக்கு வா."

"என்னக்கா, மாமிக்கு எதுவும்...?"

"மாமி இங்கனதான் கார்ல உக்காந்திருக்காக. நீ வா."

ஸ்கூட்டியில் பறந்தேன். காற்றடிக்கும் இடத்தில் ஒரு சின்னக் கூட்டம். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விலக்கிக்கொண்டு பார்த்தால்... கூன் விழுந்த அந்த நோஞ்சான்! இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. உச்சியில் நாலு பூ. போட்டோவில் பார்த்த அதே ரோஸ் பாவாடை, அதே முள்ளம்பன்றிக் குட்டி. இலையெல்லாம் புழுதி. தண்டில் ஆயில் கறை. பூ மட்டும் பளிச்சென்று.

எனக்குச் சந்தோஷமா, பொறாமையா? இரண்டும்தான்.

டீசல் போட வந்த தோட்டக்கலை அதிகாரி ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். குனிந்தார். பிறகு அண்ணாந்து மேலே பார்த்தார். செடிக்கு நேர் மேலே பங்க்கின் பெரிய ஃபோகஸ் லைட்.

"இது ராத்திரி பூரா எரியுமா?"

"ஆமா சார்" என்றார் மைமூன் அக்கா. "கரண்டு போனாலும் ஜெனரேட்டர் இருக்கு."

"அதான் விஷயம். இது குளிர்நாட்டுச் செடிம்மா. அங்கன கோடையில பகல் ரொம்ப நீளம். பகல் நீண்டாத்தான் இது மொட்டு வைக்கும். நம்ம ஊருப் பகல் அதுக்குப் பத்தாது. இந்த லைட்ட அது வெயிலுன்னு நெனச்சுக்கிருச்சு."

புரிந்தது. என் வீட்டில் இருட்டும் நேரத்தில் குடையை மடக்கி, 'தூங்கு கண்ணுகளா' என்று லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போனவள் நான். தூங்கவிட்டுத் தூங்கவிட்டே பூக்கவிடாமல் செய்திருக்கிறேன்!

அதிகாரி போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் உங்களுக்கு நோஞ்சானாப் பார்த்துத்தான் குடுத்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கிக்கிட்டீங்க?"

"நல்லதக் கேட்டா நீ குடுப்ப. அப்புறம் ஒரு வாரம் தூங்க மாட்ட. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

காரின் ஜன்னல் வழியாக மாமி எட்டிப் பார்த்தார். "மைமூனு, இதத் தலையில வெக்கலாமா?"

"வெக்க முடியாது மாமி. கனமா இருக்கு."

"வாசம்?"

"இல்ல மாமி."

"அப்ப எதுக்கு இத்தன பாடு?"

எங்கள் இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. காற்றடிக்கும் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். பங்க் பையன்கள் பெட்ரோல் போடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அப்போது குமுளி ஜீப் ஒன்று காற்றுக்காக வந்து நின்றது. டிரைவர் மலையாளி. இறங்கியவர் டயரைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தார்.

"சேச்சி, இது எந்து பூவு? வளர்த்தான் பாடுண்டோ?" என்று கேட்டார். வளர்ப்பது கஷ்டமா என்று கேட்கிறார்.

பூஞ்சை பிடித்துச் செத்த பதினைந்து விதை, ஃப்ரிட்ஜில் கறிக்கு நடுவே கிடந்த மண், நத்தை, செங்கல் லாரி, என் தோள்பட்டை, ஐந்து மாத மௌனம்... எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. எங்கே ஆரம்பிப்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள், மைமூன் அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கஷ்டமா? ஒரு கஷ்டமும் இல்ல தம்பி. சும்மா தூவி விட்டாப் போதும், தன்னால வரும்!"

பூத்த பிறகு எல்லாச் செடியும் லேசான செடிதான்!